மெல்லிய முனைவுப் படலங்களில் மேற்பரப்பு மின்காந்த அலைகளின் வழியே வெப்பக் கடத்தல்

ஒரு திண்பொருளின் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனைக்கு வெப்பம் எந்த வீதத்தில் செல்லும் என்ற வினாவுக்கு, 1822இல் வெளிவந்த தம் நூலில் ஃபூரியே கணித வடிவம் தந்தார். வெப்ப ஓட்டம் வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்றும், அவ்விரண்டையும் இணைக்கும் எண் அந்தந்தப் பொருளுக்கே உரிய பண்பு என்றும் அவர் விதி கூறுகிறது. வெப்பக் கடத்துத்திறன் எனப்படும் அந்த எண், பொருளின் அளவையோ வடிவத்தையோ சார்ந்திருப்பதில்லை என்பது நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்தது. பொருளின் தடிமன் நானோமீட்டர் அளவுக்குக் குறையும்போது இந்த ஏற்பு குலைகிறது. மின்கடத்தாப் பொருள்களில் வெப்பத்தைச் சுமப்பவை அணிக்கோவையின் அதிர்வு அலைகள். இவற்றைத் துகள்களாகக் கொண்டு போனான் என்று இயற்பியலார் அழைக்கின்றனர். படலத்தின் தடிமன் போனானின் சராசரி மோதலிடைத் தூரத்தைவிடச் சிறிதாகும்போது, போனான்கள் மீண்டும் மீண்டும் எல்லையில் மோதிச் சிதறுகின்றன. எல்லைச் சிதறல் பற்றிய இக்கருத்தைக் காசிமிர் 1938இலேயே வகுத்துத் தந்தார். அறை வெப்பநிலையில் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 148 வாட் கடத்தும் சிலிக்கன், 20 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகும்போது அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கையே கடத்துகிறது.

சில்லுகளில் உள்ள உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகும் காலத்தில் இது பெருந்தடை. வெப்பம் மிகுதியாக வெளியேற வேண்டிய இடத்திலேயே அது வெளியேறும் வழி குறுகிவிடுகிறது. இந்நிலையில், போனானுக்குத் தடையாக நிற்கும் அதே மேற்பரப்பு வெப்பத்தைச் சுமக்கும் மற்றொரு வழியாகவும் அமையக்கூடுமா என்ற கேள்வி, கடந்த இருபது ஆண்டுகளில் கோட்பாட்டிலிருந்து சோதனைக்கூடத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. முனைவுப் பொருள்களின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மின்காந்த அலைகள் அத்தகைய வழியாக அமையும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கூற்று. அக்கூற்று எதன்மீது நிற்கிறது, சோதனைகள் அதை எந்த அளவுக்கு உறுதிசெய்துள்ளன, அதன் எல்லை எங்கே வரையப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலையின் பிறப்பு

எதிரெதிர் மின்னேற்றமுள்ள அயனிகளால், அல்லது மின்னேற்றம் சமமின்றிப் பகிரப்பட்ட அணுக்களால் ஆன திண்பொருள் முனைவுப் பொருள் எனப்படும். சிலிக்கன் கார்பைடு, சிலிக்கன் டை ஆக்சைடு, சிலிக்கன் நைட்ரைடு, போரான் நைட்ரைடு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரே தனிமத்தால் ஆன தூய சிலிக்கன் இவ்வகையில் அடங்காது. முனைவுப் பொருளில் எதிர் மின்னேற்ற அணுக்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அதிரும்போது, ஒவ்வொரு இணையும் அலைவுறும் இருமுனையாகிறது. அகச்சிவப்பு ஒளியின் மின்புலம் அந்த இருமுனைகளை அசைக்கும். அசையும் இருமுனைகள் திரும்ப ஒளியை உமிழும். இரண்டின் அதிர்வெண்களும் நெருங்கும்போது ஒளியையும் அதிர்வையும் தனித்தனியே பிரித்துப் பேச முடியாமல், இரண்டும் கலந்த ஒரே அலையே பொருளுக்குள் பரவுகிறது. அயனிப் படிகங்களில் இக்கலப்பு நிகழும் முறையை ஹுவாங் குன் 1951இல் விளக்கினார். இத்தகைய கலப்புத் துகளுக்குப் போலாரிட்டான் என்ற பெயரை ஜான் ஹாப்ஃபீல்டு 1958இல் வழங்கினார்.

முனைவுப் பொருளில் அணுக்கள் அலை செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் ஒளியியல் போனானுக்கு ஓர் அதிர்வெண்ணும், அலையின் திசையிலேயே அதிரும் போனானுக்கு அதைவிடச் சற்று உயர்ந்த அதிர்வெண்ணும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பட்டையில் பொருளின் விடுதிறன், அதாவது மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையின் அளவு, எதிர்க்குறி பெறுகிறது. அப்பட்டையில் வரும் ஒளி பொருளுக்குள் நுழைய முடியாமல் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவதால், எஞ்சு கதிர்ப் பட்டை என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. எதிர்க்குறி விடுதிறனுள்ள பொருளும், நேர்க்குறி விடுதிறனுள்ள காற்றோ வெற்றிடமோ சந்திக்கும் பரப்பில், இரு பக்கமும் அடுக்குக்குறி முறையில் தேய்ந்து, பரப்பின் நெடுகே மட்டும் முன்னேறும் அலை ஒன்று நிலைக்க முடிகிறது. இதுவே மேற்பரப்பு போனான் போலாரிட்டான். பரப்பை விட்டு வெளியே தப்பாமல் அதன்மேல் ஒட்டியபடி ஓடுவதே இதன் தனித்தன்மை.

இந்த அலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு அலைநீளத்தில் தெரிகிறது. சிலிக்கன் கார்பைடின் எஞ்சு கதிர்ப் பட்டை சுமார் 10.3 மைக்ரோமீட்டருக்கும் 12.5 மைக்ரோமீட்டருக்கும் இடையில் அமைகிறது. சிலிக்கன் டை ஆக்சைடின் வலுவான ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 9, 21 மைக்ரோமீட்டர்களில் உள்ளன. 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள கரும்பொருளின் உமிழ்வு வீன் விதிப்படி சுமார் 9.7 மைக்ரோமீட்டரில் உச்சம் பெறுகிறது. எனவே அறை வெப்பநிலைக்கு அருகிலும் அதற்கு மேலும் இவ்வலைகளைக் கிளர்த்துவதற்குத் தனி ஒளிமூலம் எதுவும் வேண்டியதில்லை. பொருளின் வெப்பமே அவற்றை எழுப்புகிறது. 2002இல் கிரெஃபே குழுவினர் சிலிக்கன் கார்பைடின் மேற்பரப்பில் சீரான வரிகளைச் செதுக்கி, சூடான அப்பொருள் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதைக் காட்டினர். வெப்பத்தால் எழுந்த மேற்பரப்பு அலைகள் தம் அலைநீளத்தைப்போலப் பல மடங்கு தூரம் ஒழுங்கு குலையாமல் ஓடுகின்றன என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

படலம் மெலியும்போது நிகழ்வது

தடித்த பொருளின் ஒற்றைப் பரப்பில் ஓடும் போலாரிட்டான் நெடுந்தூரம் செல்வதில்லை. அதன் மின்புலத்தின் கணிசமான பகுதி பொருளுக்குள் புதைந்திருப்பதால், ஆற்றல் விரைவில் உட்கவரப்படுகிறது. இரு பரப்புகளும் நெருங்கியிருக்கும் மெல்லிய படலத்தில் நிலைமை மாறுகிறது. மேற்பரப்பு அலையும் கீழ்ப்பரப்பு அலையும் ஒன்றையொன்று உணர்ந்து, இரண்டு கூட்டு அலைமுறைகளாகப் பிரிகின்றன. அயனிப் படிகத் தகடுகளுக்கு இவ்வலைமுறைகளைக் கிளீவரும் ஃபுக்ஸும் 1960களின் நடுவில் முழுமையாகக் கணக்கிட்டனர். ஒரு முறையில் புலம் படலத்துக்குள் நெருக்கப்பட்டு விரைவில் தேய்கிறது. மற்றொன்றில் புலம் படலத்தை விட்டு இருபுறக் காற்றிலும் பரந்து விரிய, அலை ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே செல்கிறது. வெப்பக் கடத்தலுக்கு இந்த இரண்டாவது முறையே முதன்மையானது.

படலம் மெலிய மெலிய, இந்த அலையின் ஆற்றலில் படலத்துக்குள் இருக்கும் பங்கு குறைந்து, உட்கவர்தலும் குறைவதால், அது கடக்கும் தூரம் தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. பல பத்து நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அத்தூரம் மில்லிமீட்டர் அளவை எட்டுகிறது. படிக வடிவமற்ற கண்ணாடியில் போனானின் சராசரி மோதலிடைத் தூரமோ நானோமீட்டர் அளவினது. மேலும், அலை சுமக்கும் வெப்பத்தைப் படலத்தின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தே கடத்துத்திறன் கணக்கிடப்படுவதால், தடிமனின் எதிர்விகிதம் இன்னொரு முறையும் சேர்கிறது. இவ்விரண்டும் பெருகி, போலாரிட்டானால் வரும் கடத்துத்திறன் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் உயரும் என்ற வியப்பான முடிவு பிறக்கிறது. தடிமன் பாதியானால் இக்கூறு எட்டு மடங்காகும். போனான் கூறு அதே நேரத்தில் குறையும்.

எதிர்க்குறி விடுதிறன் கொண்ட குறுகிய பட்டையில் மட்டும் இவ்வலைகள் அடங்கிவிடுவதில்லை. பொருள் ஒளியை வலுவாக உட்கவரும் அதிர்வெண்களில், 1907இல் செனெக் வானொலி அலைகளுக்காக விவரித்த வகையைச் சேர்ந்த மேற்பரப்பு அலைகள் தோன்றுகின்றன. விடுதிறன் நேர்க்குறியாக உள்ள அதிர்வெண்களில் படலமே மெல்லிய அலைவழியாக நின்று ஒளியைத் தன்னோடு ஒட்டி நடத்துகிறது. சிலிக்கன் டை ஆக்சைடு படலங்களில் வெப்பத்தால் எழும் மேற்பரப்பு அலைகள் அகன்ற அதிர்வெண் பரப்பில் காணப்படுவதை 2017இல் வெளியான அளவீடுகள் காட்டின. போனான் போலாரிட்டான் என்ற குறுகிய பெயரைவிட மேற்பரப்பு மின்காந்த அலை என்ற விரிந்த பெயர் இத்துறைக்குப் பொருந்துவது இதனால்தான்.

கோட்பாட்டிலிருந்து அளவீட்டுக்கு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கேங் சென், அரவிந்த் நாராயணசாமி உள்ளிட்ட மூவர் 2005இல் வெளியிட்ட கணக்கீடு இத்துறையின் தொடக்கப் புள்ளி. 40 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் டை ஆக்சைடு படலத்தில், 500 கெல்வினில், போனான்களும் மேற்பரப்பு அலைகளும் சேர்ந்து மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 4 வாட் கடத்துத்திறன் தரும் என அது முன்னுரைத்தது. அப்பொருளின் இயல்பான கடத்துத்திறன் அறை வெப்பநிலையில் சுமார் 1.4 வாட் என்பதை நினைத்தால் இம்முன்னுரையின் துணிவு விளங்கும். பின்னர் ஹோசே ஓர்தோனெஸ்-மிராண்டாவும் செபஸ்தியான் வோல்ஸும் தம் குழுவினரோடு, படலத்தின் இரு புறமும் வெவ்வேறு ஊடகங்கள் இருக்கும் நிலை, நானோ கம்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்கள் எனக் கோட்பாட்டை விரித்தனர். நானோ கம்பியில் ஓடும் அலை, அறை வெப்பநிலையிலேயே வெப்பக் கடத்தலின் குவாண்ட அலகை வெளிப்படுத்தும் என்று அவர்கள் 2014இல் கணித்தனர். அந்த அலகை முதன்முதலில் அளந்தவர்கள் ஷ்வாப், ரூக்ஸ் முதலியோர். 2000இல் சிலிக்கன் நைட்ரைடு பாலங்களில் அவர்கள் அதை அளந்தபோது, ஒரு கெல்வினுக்கும் கீழான கடுங்குளிர் தேவைப்பட்டது.

சோதனைச் சான்றுகள் மெல்லவே வந்தன. காற்றில் தொங்கவிடப்பட்ட சிலிக்கன் டை ஆக்சைடு படலங்கள் மெலியும்போது, அவற்றின் நெடுகே வெப்பங்கடத்தல் உயர்வதை 2019இல் திரான்ஷான், வோல்ஸ், மியாசாகி ஆகியோரை உள்ளடக்கிய குழு அறிவித்தது. அடுத்த ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யுன்ஹுய் வூ, மசாஹிரோ நொமுரா முதலியோர் சிலிக்கன் நைட்ரைடு சவ்வுகளில் செய்த அளவீடு இன்னும் தெளிவானது. 50 நானோமீட்டருக்கும் மெல்லிய சவ்வுகளின் கடத்துத்திறன், வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 800 கெல்வினுக்கு உயர்ந்தபோது இரட்டித்தது. தடித்த சவ்வுகளிலோ அது தொடர்ந்து குறைந்தது. ஒரே பொருள், ஒரே அளவீட்டு முறை, தடிமன் மட்டும் வேறு என்ற நிலையில் இரண்டு எதிரெதிர்ப் போக்குகள் தோன்றியதே இச்சோதனையின் வலிமை. போனானை மட்டும் கொண்டு இவ்விரு போக்குகளையும் ஒருசேர விளக்குவது கடினம். தடிமன் குறையும்போதும் வெப்பநிலை கூடும்போதும் வளரும் மேற்பரப்பு அலையோ இரண்டுக்கும் இயல்பான விளக்கம் தருகிறது. அதே குழுவினர் 2022இல், இவ்வலைகள் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் தூரம் வெப்பத்தைச் சுமப்பதையும் பதிவு செய்தனர்.

உலோகங்களிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. அங்கே அணு அதிர்வுக்குப் பதிலாகக் கட்டற்ற எலக்ட்ரான்களின் கூட்டு அலைவு ஒளியோடு கலக்கிறது. தென் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தார் 2023இல் 100 நானோமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் படலத்தில் சுமார் 25 விழுக்காடு உயர்வை அளந்தனர். அந்தப் படலம் சென்டிமீட்டர் அளவில் அகன்றிருந்தது என்பது அடுத்துக் காணவிருக்கும் வாதத்துக்கு முக்கியமான செய்தி.

கடத்துத்திறன் என்ற அளவின் எல்லை

மேற்கண்ட முன்னுரைகளையும் அளவீடுகளையும் ஒரே தளத்தில் வைத்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு உதவும். படலத்தின் நெடுகே ஒளியின் வேகத்தில் செல்லும் ஒரே ஒரு அலைமுறை, எல்லா அதிர்வெண்களிலும் வெப்பச் சமநிலைக்கு உரிய அளவு நிரம்பி, வழியில் சிறிதும் தேயாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதாகக் கொள்ளலாம். போஸ்-ஐன்ஸ்டைன் பகிர்வைக் கொண்டு கணக்கிட்டால், 300 கெல்வினில் அது கடத்தக்கூடியது படலத்தின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஒரு கெல்வின் வேறுபாட்டுக்குச் சுமார் 26 மைக்ரோவாட். இம்மதிப்பு வெப்பநிலையின் இருமடியாக வளர்வதால், 800 கெல்வினில் ஏறத்தாழ 180 மைக்ரோவாட்டை எட்டும். தடிமனும் நீளமும் இக்கணக்கில் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனை 30 நானோமீட்டர் தடிமனுள்ள, மீட்டர்-கெல்வினுக்கு 1.4 வாட் கடத்துத்திறனுள்ள கண்ணாடிப் படலத்தின் போனான் கடத்தலோடு ஒப்பிடலாம். படலத்தின் நீளம் 100 மைக்ரோமீட்டர் எனில், அதே அகலத்துக்குப் போனான்கள் 420 மைக்ரோவாட் கடத்துகின்றன. அறை வெப்பநிலையில் மேற்பரப்பு அலை அதனோடு சேர்ப்பது சுமார் ஆறு விழுக்காட்டுக்கு மேல் போகாது. நீளம் ஒரு மில்லிமீட்டர் ஆனால் போனான் பங்கு 42 மைக்ரோவாட்டாகக் குறைந்து, அலையின் 26 மைக்ரோவாட் அதை நெருங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் போனான் பங்கு 4.2 மைக்ரோவாட்டாகச் சுருங்கிவிட, அலை தேயாமல் அவ்வளவு தூரம் செல்லுமானால், அதுவே பெரும்பங்கு வெப்பத்தைச் சுமக்கும். போனான் மோதி மோதி நகர்வதால் நீளம் கூடக்கூட அதன் கடத்தல் குறைகிறது. மோதலின்றி ஓடும் அலைக்கு அக்குறைவு இல்லை.

ஆகவே மேற்பரப்பு அலையின் பங்கைப் பொருளுக்கே உரிய எண்ணாகக் கூறுவது தவறான எண்ணத்தை உண்டாக்கும். தடிமனின் மும்மடி விதி, அலை கடக்கும் தூரத்தைவிடப் படலம் நீளமாக இருக்கும் வரையில்தான் செல்லும். படலம் அதைவிடக் குறுகியதானால், அலையின் பயணத்தை எல்லையே முடித்துவைக்கிறது, வளர்ச்சியும் அங்கே நின்றுவிடுகிறது. ஒரு படலம் எத்தனை வாட் கடத்துத்திறன் உடையது என்று கேட்பதற்கு மாறாக, இந்த நீளமும் இந்த முனைகளும் இந்தச் சுற்றுப்புறமும் கொண்ட அமைப்பு ஒரு கெல்வினுக்கு எத்தனை வாட் கடத்துகிறது என்று கேட்பதே இத்துறைக்கு ஏற்ற வினா. வெவ்வேறு குழுக்களின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தோன்றும் இடங்களில், நீளமும் வெப்பநிலையும் சேர்த்துப் பார்க்கப்பட்டால் பல முரண்பாடுகள் தளரும்.

முனைகளின் சிக்கல்

அலை எங்கே பிறக்கிறது, எங்கே தன் வெப்பத்தை ஒப்படைக்கிறது என்பது அடுத்த வினா. முனையில் உள்ள தடித்த பகுதியின் வெப்பம் படலத்தின் அலைக்குள் முழுமையாக நுழையும் என்று கோட்பாட்டுக் கணக்குகள் பெரும்பாலும் கொள்கின்றன. உண்மையில், புலம் இருபுறக் காற்றில் பரந்து கிடக்கும் அலைக்குள் ஆற்றலைப் புகுத்துவதும், அதிலிருந்து ஆற்றலை மீட்பதும் எளிதல்ல. முனையில் அலை திரும்பி வரலாம், அல்லது வெளியே கதிர்வீச்சாகத் தப்பலாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டிய முடிவு இதன் மறுபக்கத்தைப் புலப்படுத்துகிறது: ஒரே தளத்தில் விளிம்போடு விளிம்பு எதிர்கொள்ளும் இரு மெல்லிய சவ்வுகளிடையே, கரும்பொருள் எல்லையைவிட நூறு மடங்கு வெப்பம் கதிர்வீச்சாகப் பரிமாறப்பட்டது. படலத்தின் நெடுகே வழிநடத்தப்பட்ட அலைகள் விளிம்பில் வெளிவந்து எதிர்ச் சவ்வில் நுழைவதே அதற்குக் காரணம்.

முனையின் பங்கை நேரடியாக ஆராய்ந்தது, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தேயு லி, ஜோஷுவா கால்டுவெல் ஆகியோர் பங்கேற்று 2023இல் வெளியான ஆய்வு. சிலிக்கன் கார்பைடு நானோ கம்பிகளின் முனையில் தங்கப் பூச்சு இட்டபோது வெப்பக் கடத்தல் தெளிவாக உயர்ந்தது. தங்கம் அலைகளை ஏவும் தளமாக அமைந்து, சமநிலைக்கு உரியதைவிட மிகுதியான போலாரிட்டான்களைக் கம்பிக்குள் செலுத்தியதாக அவர்கள் விளக்கினர். அவ்வாறு சுமக்கப்பட்ட வெப்பம், சமநிலைப் பகிர்வைக் கொண்டு கணக்கிடும் எல்லையை நூறு மடங்குக்கு மேல் தாண்டியது. மேலே தரப்பட்ட 26 மைக்ரோவாட் கணக்கும் சமநிலைப் பகிர்வையே அடிப்படையாகக் கொண்டது. எனவே அந்த எல்லை இயற்கை விதித்த இறுதி எல்லை ஆகாது. அலைகள் எவ்வாறு ஏவப்படுகின்றன என்பதைப் பொறுத்து நகரக்கூடிய ஒன்று. மேற்பரப்பு அலைகளைப் பயன்மிக்க வெப்ப வழியாக்கும் திறவுகோல், படலத்தை மேலும் மெலிதாக்குவதில் இருப்பதைவிட, அதன் முனைகளை வடிவமைப்பதிலேயே மிகுதியாக உள்ளது என்பதை இம்முடிவு வலுவாகச் சுட்டுகிறது.

தீராத வினாக்கள்

அளவீட்டின் பக்கம் முதன்மையான இடர் பக்கவாட்டுக் கதிர்வீச்சு. கரும்பொருள் ஒன்றிலிருந்து சிறு வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கதிர்வீச்சால் வெளியேறும் வெப்பம், சதுர மீட்டர்-கெல்வினுக்கு 300 கெல்வினில் சுமார் 6 வாட்டும் 800 கெல்வினில் சுமார் 116 வாட்டும் ஆகும். மெல்லிய படலம் கரும்பொருளைவிடக் குறைவாகவே உமிழ்கிறது என்றாலும், நீண்ட படலத்தில் பரப்பு பெரிது. உயர்ந்த வெப்பநிலையில் வெளியே தப்பும் வெப்பம், படலத்தின் நெடுகே செல்லும் வெப்பமாகக் கணக்கில் புகுந்துவிடக்கூடும். மேற்பரப்பு அலையின் பங்கு வெளிப்படுவது நீண்ட, சூடான படலங்களில். கதிர்வீச்சு இழப்பு மிகுவதும் அங்கேதான். ஒரே படலத்தைப் பல நீளங்களில் அளந்து, நீளத்தோடு கடத்தல் எவ்வாறு மாறுகிறது என்று காண்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் நம்பகமான வழி.

கோட்பாட்டின் பக்கத்திலும் தெளிவு தேவை. பெரும்பாலான கணக்குகள் போலாரிட்டானைத் துகளாகக் கருதி, போல்ட்ஸ்மான் சமன்பாட்டால் அதன் ஓட்டத்தைப் பின்தொடர்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெப்பநிலையைக் குறிக்கலாம் என்பது அம்முறையின் அடிப்படை. மில்லிமீட்டர் தூரம் மோதலின்றி ஓடும் அலைக்கு அவ்வடிப்படை எவ்வளவு பொருந்தும் என்பது ஆய்வுக்குரியது. பொருளின் மின்னேற்றங்களுடைய வெப்ப அலைவுகளை மின்காந்த அலைகளின் மூலமாகக் கொள்ளும் ரித்தோவின் முறை, துகள் என்ற உருவகமின்றியே கதிர்வீச்சையும் வழிநடத்தப்பட்ட அலைகளையும் ஒருங்கே கணக்கிடுகிறது. இரு முறைகளும் ஒரே அமைப்புக்கு ஒரே விடை தருகின்றனவா என்பதை எல்லையுள்ள நீளங்களுக்கும் உண்மையான முனைகளுக்கும் சரிபார்ப்பது இத்துறைக்கு இன்றியமையாத பணி.

பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் இன்னொரு செய்தி, இதுவரை கண்ட சவ்வுச் சோதனைகள் காற்றிலோ வெற்றிடத்திலோ தொங்கும் படலங்களில் நடந்தவை என்பது. ஒளிவிலகல் எண் மிகுந்த அடித்தளத்தின்மேல் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால், நெடுந்தூர அலைமுறை அடித்தளத்துக்குள் கசிந்துவிடும். எனவே இன்றைய சில்லுகளில் உள்ள படலங்களுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. தொங்கும் அமைப்புகளையே கொண்ட அகச்சிவப்பு உணரிகள், நுண் இயந்திரங்கள், ஒளிவழிச் சில்லுகள் ஆகியவற்றில்தான் இந்த வழி முதலில் கைகொடுக்கும். அங்கும் அது போனானின் இடத்தைப் பிடிப்பதாக எண்ண வேண்டியதில்லை. போனான் தளரும் நெடுந்தூரத்தில் அதற்குத் துணைநிற்கும் வழியாக அமையும்.

இத்துறை எழுப்பிய முதல் கேள்விக்கு, அதாவது மேற்பரப்பு மின்காந்த அலைகள் மெல்லிய முனைவுப் படலங்களில் வெப்பத்தைக் கடத்துகின்றனவா என்பதற்கு, இன்றுள்ள சான்றுகள் ஆம் என்று விடை தருகின்றன. எவ்வளவு கடத்துகின்றன என்ற இரண்டாவது கேள்விக்கு ஒற்றை எண்ணால் விடை கூற இயலாது. தடிமன், நீளம், வெப்பநிலை, முனை ஆகிய நான்கும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஆகவே இனி வரும் ஆய்வுகள் ஒவ்வொன்றும் அந்த நான்கையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, கடத்துத்திறனுக்குப் பதிலாக அமைப்பின் முழுக் கடத்தலை அறிவிக்குமானால், மேற்பரப்பு அலைகளின் உண்மையான ஆற்றலையும் எல்லையையும் ஐயமின்றி வரையறுக்க முடியும்.